நேர்ந்துவிட்ட நாள்: ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிப்பது பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஓ.எம்.ஆரில் வேலை. கிளையன்ட் இஸ்ரேல்காரர். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர் போனை எடுப்பதே இல்லை, சனிக்கிழமை லைட் ஸ்விட்சைக்கூடத் தொட மாட்டாராம். அவர்கள் ஊரில் ஞாயிறு சாதாரண வேலைநாள் என்பதால் உங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு ஷிப்ட் விழுகிறது, அன்றைக்கு ஆராதனை போகிறது. வீட்டில் அம்மா வருத்தப்படுகிறார். "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்ற கட்டளையை யார் சரியாகக் கைக்கொள்கிறார்கள், அவரா நாமா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவது பாவமா? இவ்வளவுதானே.

நான் வேதாகமக் கல்லூரி ஒன்றில் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை மாணவர்கள் வருஷா வருஷம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் 'ஓய்வு' என்றால் என்ன என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது சுலபம். எபிரெயத்தில் 'ஷபாத்' என்பதன் வேர்ச்சொல்லுக்கு 'நிறுத்து' என்று பொருள். செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். 'பரிசுத்தம்' என்பதுதான் கடினமான சொல். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

நம் ஊர்ப்பக்கம் குலசாமிக்கு ஆடு நேர்ந்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு அது மற்ற ஆடுகளோடுதான் மேயும், அதே புல்லைத்தான் தின்னும். ஆனால் நல்ல விலை வருகிறதே என்று வீட்டுக்காரர் அதைச் சந்தைக்கு ஓட்டிப்போக மாட்டார். அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டாலும் அந்த ஆட்டை நினைக்க மாட்டார். ஆடு அவர் பட்டியில்தான் நிற்கிறது, ஆனால் அவருடையதாக இல்லை. எபிரெயத்தில் 'கதோஷ்' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். பிரித்து வைத்தது, ஒருவருக்கென்று ஆகிவிட்டது. யூதர்கள் திருமணத்துக்குச் சொல்லும் 'கித்துஷின்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். வேதத்தில் இந்தச் சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று வகுப்பில் கேட்டால், சீனாய் மலை, ஆலயம், உடன்படிக்கைப் பெட்டி என்று பதில் வரும். ஆதியாகமம் 2:3ஐப் பாருங்கள். தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்து அதைப் பரிசுத்தமாக்கினார் என்று இருக்கிறது. இடமோ பொருளோ ஆளோ அதற்கு முன் பரிசுத்தம் என்று சொல்லப்படவில்லை. முதலில் நேர்ந்துவிடப்பட்டது ஒரு நாள்.

ஆக, ஓய்வுநாள் உங்கள் பட்டியில் நிற்கும் நேர்ந்துவிட்ட ஆடு. அந்த 24 மணி நேரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் விற்க முடியாது.

இப்போது உங்கள் கிளையன்டுக்கு வருவோம். 'வேலை செய்யாதே' என்று தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில் இருக்கிறது, எது வேலை என்ற பட்டியல் இல்லை. விறகு பொறுக்கக்கூடாது, வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்று அங்கங்கே ஓரிரு விஷயம்தான் வரும். யூத வேதபாரகர்களான ரபிகள் யோசித்தார்கள். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டும் செய்தி வரும்போதெல்லாம் பக்கத்திலேயே ஓய்வுநாள் கட்டளையும் வருகிறது. அப்படியென்றால் கூடாரம் கட்டத் தேவைப்பட்ட வேலைகளே ஓய்வுநாளில் நிறுத்த வேண்டியவை என்று முடிவு செய்தார்கள். உழுவது, விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, சுடுவது, நூற்பது, நெய்வது, இரண்டு எழுத்து எழுதுவது, அழிப்பது, கட்டுவது, இடிப்பது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது, வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு பொருளைச் சுமந்து போவது என்று மொத்தம் 39. ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பட்டியலாகவே இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கனமான மேஜையை வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நகர்த்தினால் வியர்த்துக் கொட்டும், ஆனால் இந்த 39இல் அது சேராது. ஒரு தாளில் இரண்டு எழுத்து எழுதினால் சேரும். களைப்பு இங்கே அளவுகோலே இல்லை. உலகத்தில் இருக்கும் ஒன்றை என் இஷ்டத்துக்கு மாற்றி, இது நான் செய்தது என்று நிற்கிறேனே, அதைத்தான் ஒருநாள் நிறுத்தச் சொல்கிறார்கள். ஸ்விட்ச் விஷயமும் இதன் தொடர்ச்சிதான். மின்சாரம் நெருப்பில் சேருமா, சுற்றை இணைப்பது கட்டுவதில் சேருமா என்று ரபிகளுக்குள்ளேயே காரணம் வேறுபடும். எல்லா யூதர்களும் இப்படி இருப்பதும் இல்லை. அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவின் ரபிகள் குழு 1950இலேயே ஜெப ஆலயத்துக்குக் கார் ஓட்டி வரலாம் என்று அனுமதித்தது. உங்கள் கிளையன்ட் பழைய சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் ஆர்த்தடாக்ஸ் வழியில் வருபவராக இருக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இது மூச்சு முட்டுகிற சட்டமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு படிப்புக்காக ஆறு வாரம் எருசலேமில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒரு ஆசிரியர் வீட்டுக்கு அழைத்திருந்தார். மதியம் மூன்று மணிக்குப் போனால் வீடு நம் பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரி பரபரவென்று இருந்தது. ஒருத்தர் குளிக்கிறார், ஒருத்தர் தரை துடைக்கிறார். அடுப்புக்கு மேல் ஒரு தகட்டை வைத்து, இறைச்சியும் பீன்ஸும் பார்லியும் போட்ட பெரிய பாத்திரத்தை அதன்மேல் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் வரை அது அங்கேயே மெல்லிய சூட்டில் இருக்கும். பையன் ஒருவன் ஸ்டூல் போட்டு ஏறி, பிரிட்ஜுக்குள் இருந்த குட்டி பல்பைத் திருகிக் கழற்றினான். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அது எரியக்கூடாது, அதனால் பல்பு வெளியே. அதைக் கழுவித் துடைத்துச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தான்.

அப்புறம் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சைரன் ஊதியது. அம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கையால் முகத்தை மூடிக்கொண்டு ஜெபித்தார். அந்தக் கணத்திலிருந்து வீட்டில் பரபரப்பு நின்றுபோனது. அப்பா ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார். கல்யாணமாகும் வயதில் இருந்த மூத்த பெண்ணும் தலை குனிந்து நின்றாள். திராட்சரசம், துணியால் மூடிய இரண்டு அப்பம். வனாந்தரத்தில் ஆறாம் நாள் மன்னா இரண்டு மடங்கு விழுந்ததே, அதற்கு அடையாளமாக இரண்டு. சாப்பாடு மூன்று மணி நேரம் நடந்தது. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் மணி பார்க்கவில்லை. நான் இரவு படுக்கும்போது, இத்தனை தடைகளும் இந்த மூன்று மணி நேரத்தை யாரும் வந்து தொடாமல் இருப்பதற்கு வேலி என்று புரிந்தது. ஏசாயா 58ஆம் அதிகாரம் ஓய்வுநாளை "மனமகிழ்ச்சியின் நாள்" என்று சொல்வதைப் பல வருஷம் பாடம் நடத்தியவன்தான் நான். அதை ஒரு சாப்பாட்டு மேஜையில்தான் கண்ணால் கண்டேன். ஓய்வுநாளில் உபவாசம் இருப்பதை யூத மரபு தடுக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பாவநிவாரண நாள் ஒன்றுதான் விலக்கு.

நம் பிரசங்கங்களில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. பரிசேயர்கள் கல்நெஞ்சக்காரர்கள், ஆள் செத்தாலும் ஓய்வுநாள் சட்டம்தான் முக்கியம் என்பார்கள், இயேசு வந்து அதை உடைத்தார் என்கிறோம். உண்மை அப்படி இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீற வேண்டும் என்பது யூதச் சட்டம். மீறலாம் என்றுகூட இல்லை, மீறியே ஆக வேண்டும். ஒருவனுக்காக ஒரு ஓய்வுநாளை மீறு, அவன் பல ஓய்வுநாட்களை ஆசரிப்பான் என்று ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது. ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஓய்வுநாளிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று ரபி ஷிமோன் பென் மெனாசியா சொன்னதாகவும் பதிவு உண்டு. "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற மாற்கு 2:27ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் பேசுகிறவர்கள் என்பது தெரியும்.

அப்படியானால் சண்டை எங்கே? லூக்கா 13இல் இருக்கிறது. பதினெட்டு வருஷமாகக் கூனிப்போய் நிமிர முடியாத ஒரு பெண் ஜெப ஆலயத்தில் இருக்கிறாள். இயேசு அவளைக் கூப்பிட்டுக் குணமாக்குகிறார். ஜெப ஆலயத் தலைவருக்குக் கோபம். அவர் அந்தப் பெண்ணிடமோ இயேசுவிடமோ பேசவில்லை, ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறார்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணமாகுங்கள். யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பதினெட்டு வருஷம் பொறுத்தவள் சூரியன் மறையும் வரை பொறுக்க மாட்டாளா? இது உயிர் போகிற அவசரம் இல்லையே. இயேசுவின் பதிலை வார்த்தை வார்த்தையாகக் கவனியுங்கள். ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, சாத்தான் பதினெட்டு வருஷம் கட்டிவைத்த ஆபிரகாமின் மகளை இந்தக் கட்டிலிருந்து அவிழ்க்க வேண்டாமா என்கிறார். ஓய்வுநாளாக *இருந்தாலும்* பரவாயில்லை என்று அவர் சலுகை கேட்கவில்லை. ஓய்வுநாளில் செய்யத்தக்க காரியமே அவிழ்த்துவிடுவதுதான் என்கிறார்.

இந்த யோசனை அவர் புதிதாகக் கொண்டுவந்ததில்லை. பத்துக் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணம் சிருஷ்டிப்பு: ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5இல் காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். எகிப்தில் செங்கல் அறுத்தவனுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. அவனுடைய பிள்ளைகள் நாளைக்கு இன்னொருவனுக்கு எகிப்தாக மாறிவிடக்கூடாது. கட்டளையில் வரும் ஆட்களை எண்ணிப் பாருங்கள். நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். தனக்குக் கீழே ஆள் வைத்திருப்பவனைப் பார்த்துச் சொன்ன கட்டளை இது. நான் ஓய்ந்தேனா என்பதோடு அது நிற்கவில்லை. ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாள் எப்போது முடியும், கோதுமையை எப்போது விற்கலாம் என்று துடிக்கிற வியாபாரிகள் வருகிறார்கள். கடையைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தராசில் கள்ளம் செய்யும் திட்டமும் மனதில் ஓடுகிறது. சட்டப்படி அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை.

ஞாயிறு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள். அந்த நாளில் சீஷர்கள் கூடி அப்பம் பிட்டது அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது. கி.பி. 150 வாக்கில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி ஞாயிறு கூட்டம் எப்படி நடக்கும் என்று விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கான்ஸ்டன்டைன் பேரரசர்தான் ஓய்வுநாளை மாற்றிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே நம்பாதீர்கள். அவர் 321இல் செய்தது, ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் கூடிய நாளைச் சட்டப்படி விடுமுறை ஆக்கியது. அதிலும் நகரத்து ஆட்களுக்கும் பட்டறைகளுக்கும்தான் விடுமுறை, விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தார். அதுவரை கிறிஸ்தவர்கள் ஞாயிறு அன்று கூடிவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான். அடிமைகளாக இருந்தவர்களுக்கு வேறு வழி ஏது? இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதனால்தான் சபைகளுக்குள் இன்றும் நான்கு விதமான பதில் இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளை அப்படியே ஞாயிறுக்கு மாறிவிட்டது என்பது இங்கிலாந்தில் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களாக இருந்த பியூரிட்டன்கள் வழி. அவர்கள்கூட அவசியமான வேலைக்கும் இரக்கத்தின் வேலைக்கும் இடம் வைத்தார்கள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், எந்த நாள் என்பதைவிட அந்நாளில் தேவ வசனத்தைக் கேட்பதே பரிசுத்தம் என்றார். கத்தோலிக்கருக்கு ஞாயிறு திருப்பலி கடமை, சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்கெடுத்தாலும் அது நிறைவேறும். நான்காவது, நாள் மாறவே இல்லை என்பவர்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஆசரிக்கும் செவந்த் டே அட்வென்டிஸ்டுகளைச் சென்னையில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் தமிழ்நாட்டுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1857இல், திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம் சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் மிஷனரிகளோடு பிணங்கித் தனிச் சபை கண்டார். அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. வெள்ளைக்காரர் வழக்கம் வேறு, வேதத்தின் வழக்கம் வேறு என்று ஒரு தமிழர் எபிரெய வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறார். நம் சபைச் சரித்திர வகுப்புகளில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

யூதர்களும் நம் ஊருக்கு அந்நியர்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் வைரமும் பவழமும் வியாபாரம் செய்த யூதர்கள் மதராசில் இருந்தார்கள். மண்ணடியில் பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்தப் பவழ வியாபாரத்தின் மிச்சம். லாயிட்ஸ் சாலையில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அன்றைய மதராசில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிய வீடுகள் இருந்திருக்கும்.

இந்தியாவில் ஞாயிறு விடுமுறை வந்த கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் கிறிஸ்தவன், அதனால் லீவு விட்டான் என்று நினைக்கிறோம். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு அப்படி யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் வழியில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளிகளைத் திரட்டி, மனுக் கொடுத்து, கூட்டம் போட்டுப் போராடி, 1890இல் மில் முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. உபாகமம் 5இன் நியாயத்தை அவர் செய்துகாட்டினார் என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது 2021இல். அதுவரை நாள் முழுக்க நின்றவர்களிடம்தான் நாம் ஞாயிறு ஆராதனை முடிந்து போய்ப் புடவை எடுத்தோம்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு என்னிடமும் இருந்தது. எட்டரை ஆராதனை முடிந்து வந்தால் ஞாயிறு எங்கள் வீட்டில் மட்டன் குழம்பு, கோழி வறுவல். அண்ணன் குடும்பம், மச்சினர் குடும்பம் என்று பத்துப் பன்னிரண்டு பேர். பல வருஷம் இப்படித்தான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா மதியம் மூன்று மணிக்கு வருவார். ஒருநாள் நான் ஓய்வுநாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்த குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே அவர் என் மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்கு டபுள் வேலைம்மா. நாலு வூட்லயும் கறி." குறை சொல்லும் குரல் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பது மாதிரிதான் சொன்னார். நான் எழுதியிருந்த தாளில் 'உன் வேலைக்காரியானாலும்' என்ற வசனத்தை அப்போதுதான் மேற்கோள் காட்டியிருந்தேன். அன்றைக்கு மேலே எழுத முடியவில்லை.

இப்போது ஞாயிறு அவருக்குச் சம்பளத்தோடு லீவு. குழம்பைச் சனிக்கிழமை ராத்திரியே வைத்துவிடுகிறோம். மறுநாள் கறிக்குழம்புக்கு ருசி கூடும் என்பது உங்களுக்கே தெரியும். பெரிய வெள்ளி அன்று வாசிப்போமே, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் 'ஆயத்தநாள்' என்று, அந்தச் சொல் என்னவென்று எனக்குச் சமையலறையில்தான் விளங்கியது. வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு மிச்சப் பாத்திரத்தை நானும் மச்சினரும் கழுவுகிறோம். பாத்திரம் கழுவுவது வேலையில்லையா என்று கேட்டால், வேலைதான். என் வேலைக்காரி ஓய, நான் செய்கிற வேலை.

இனி உங்கள் ஷிப்ட். பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று ரோமர் 14இல் பவுல் விட்டுவிட்டார். அவர் விட்டதை நான் கட்ட முடியாது. அதற்காகப் பரவாயில்லை போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஷிப்ட் விழும் வாரத்தில் வேறு ஒரு முழு நாளை நேர்ந்துவிடுங்கள். சாயங்காலத்தில் தொடங்குங்கள். ஆதியாகமத்தில் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதானே நாள் கணக்கு. சென்னையில் சூரியன் மறைவது வருஷம் முழுக்கச் சுமார் 5.40க்கும் 6.40க்கும் நடுவில்தான், கணக்கு வைப்பது சுலபம். அந்த நேரத்தில் லேப்டாப்பை மூடி அலமாரிக்குள் வையுங்கள். மேஜைமேல் வைத்தால் கை போகும். அந்த பிரிட்ஜ் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைக்காத பல்பு கதவைத் திறந்தால் எரியத்தான் செய்யும். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், அந்தச் சாப்பாட்டை அம்மா அன்றைக்குச் சமைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஸ்விக்கி ஆர்டர் போடாதீர்கள், அந்த பைக் பையனும் உங்கள் வாசலுக்குள் வருகிறவன்தான்.

உங்களுக்குக் கீழே டீமில் ஆள் இருந்தால், உங்கள் ஞாயிறைக் காப்பாற்ற அவர்கள் தலையில் ஷிப்டைத் தள்ளாதீர்கள். சுழற்சியை மேனேஜரிடம் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுங்கள். அந்த டீமில் முஸ்லிம் பையன் இருந்தால் அவனுடைய வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அவனுக்காக நீங்கள் பேசினால் உங்களுக்காகவும் அவன் பேசுவான்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் சபைப் போதகரிடம் பேசுங்கள். ஞாயிறு அவருக்கு மூன்று ஆராதனையும் இரண்டு வீட்டு ஜெபமுமாகப் போகிற வேலைநாள். ஆசாரியர்கள் ஓய்வுநாளில் ஆலயத்தில் வேலை செய்தும் குற்றமில்லாதவர்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பல போதகர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. போன் செய்வதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை செய்யுங்கள்.